செம்பு வந்த பிறகும் உழைத்த கல்

மகாராஷ்டிரத்தின் நெவாசாவில், பிரவரா ஆற்றங்கரை மேட்டில், 1950களின் நடுவில் நடந்த அகழாய்வில் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. கழுத்தில் செம்பு மணி மாலை. மணிகளில் பிடித்த களிம்பு, உள்ளே கோத்திருந்த நூலை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மட்காமல் காத்திருந்தது. சோதித்தவர்கள் அந்த நூலில் பட்டிழையும் பருத்தியும் இருப்பதைக் கண்டார்கள். பட்டும் பருத்தியும் செம்பும் புழங்கிய அந்த ஊரில் கதிர் அறுக்கவும் தோலைக் கீறவும் இறைச்சியை அரியவும் என்ன வைத்திருந்தார்கள்? கல்தான். கத்திபோல் கூரிய சிறு சிறு கல் அலகுகள், அள்ள அள்ளக் கிடைத்தன.

பள்ளியில் நாம் படித்த வரிசை வேறு மாதிரியானது. பழைய கற்காலம், புதிய கற்காலம், பிறகு செம்பு, வெண்கலம், இரும்பு. ஒன்று வந்ததும் முந்தையது ஒதுங்கிவிடும். இந்த வரிசைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. டென்மார்க்கின் கிறிஸ்டியன் தாம்சன், கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த தொல்பொருள்களை அடுக்க வழி தேடினார். கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்தார். 1836இல் வெளியான வழிகாட்டி நூலில் அதை விளக்கினார். எது முந்தியது, எது பிந்தியது என்ற பெரும் குழப்பத்தை அந்த முறை தீர்த்து வைத்தது. தொல்லியல் அதற்குப் பட்ட கடன் பெரிது. ஆனால் அருங்காட்சியகத்தில் தனித்தனித் தட்டில் இருப்பவை ஊரில் ஒரே கூரையின் கீழ் இருந்தவை.

கல்லையும் செம்பையும் சேர்த்துப் புழங்கிய மக்களின் காலத்துக்குப் பின்னாளில் ‘செம்புக் கற்காலம்’ என்று பெயர் வந்தது. தக்காணத்தில் அது ஆயிரம் ஆண்டுக்குக் குறையாமல் நீடித்தது. நாற்பது தலைமுறை! இதை இடைக்கட்டம் என்று ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த மக்கள் இரும்பு வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. எந்த வேலைக்குக் கல், எந்த வேலைக்குச் செம்பு என்று தெரிந்தே முடிவெடுத்தார்கள். அந்த முடிவுகளைப் பின்தொடர்ந்து போனால்தான் கற்காலம் உண்மையில் எப்படி முடிந்தது என்பது பிடிபடும்.

செம்பு எதற்கு நல்லது, எதற்கு ஆகாது

பூமியில் சில இடங்களில் செம்பு கலப்பில்லாத உலோகமாகவே கிடைக்கும். அப்படிக் கிடைத்ததைத் தட்டி மணியாக்கும் வேலை, துருக்கியின் சாயோனூ போன்ற ஊர்களில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. கல்லைப் பழகிய கைக்குச் செம்பு ஒரு வியப்பு. கல்லில் ஓர் அடி தவறினால் போனது போனதுதான். செம்பு அடி வாங்க வாங்க இறுகும். மேலும் அடித்தால் விரிசல் விடும். அதற்குள் நெருப்பில் காட்டி எடுத்தால் மறுபடி இளகிக்கொடுக்கும். தட்டுவது, சுடுவது, மறுபடி தட்டுவது என்ற இந்த மாற்றிமாற்றிச் செய்யும் வேலைதான் உலோகத் தொழிலின் முதல் பாடம்.

தாதுவிலிருந்து செம்பை எடுப்பது அடுத்த கட்டம். மலாக்கைட் என்ற பச்சைத் தாதும் அசுரைட் என்ற நீலத் தாதும் நிலத்தின் மேற்பகுதியிலேயே, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கிடைப்பவை. உலோகம் எடுக்கத் தெரிவதற்கு முன்பே மக்கள் இவற்றை மணியாகவும் வண்ணமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தத் தாதுவை மரக்கரியோடு சேர்த்து எரித்தால், கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும்; செம்பு பிரியும். பிரிந்த செம்பு உருகி ஒன்றுசேர 1,085 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சமையல் அடுப்பு அதன் பக்கத்தில்கூடப் போகாது. நல்ல கரி, ஊதுகுழலோ துருத்தியோ தரும் காற்று, அந்தச் சூட்டைத் தாங்கும் மண் மூசை என்ற உருக்கு கிண்ணம், இத்தனையும் வேண்டும். செர்பியாவின் பெலொவொடே என்ற ஊரில் இப்படித் தாதுவை உருக்கியபோது கழிந்த கசடு கிடைத்திருக்கிறது. காலம் சுமார் கி.மு. 5000. ஆய்வு 2010இல் வெளியானது. உலகில் இதுவரை தெரிந்த மிகப் பழைய செம்பு உருக்கும் சான்றுகளில் ஒன்று அது. இந்தியத் துணைக்கண்டத்தில் பலுசிஸ்தானின் மெஹர்கரில் கிடைத்த ஒரு சிறு செம்புத் தாயத்து, சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மெழுகு உருவத்தை வைத்து வார்க்கும் முறை தெரிந்திருந்ததைக் காட்டுகிறது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த உலோகம் மென்மையானது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் செம்புக்குச் சுமார் 3. தக்காணத்து அலகுகள் செய்த கால்சிடனி என்ற கல்லுக்கு 6.5 முதல் 7. புதிதாகப் பெயர்த்த கால்சிடனி அலகின் விளிம்போடு செம்புக் கத்தி போட்டியிட முடியாது. சில விழுக்காடு ஆர்சனிக்கோ வெள்ளீயமோ கலந்தால் செம்பு இறுகும். ஆனால் வெள்ளீயம் கிடைக்கும் இடங்கள் செம்புத் தாது கிடைக்கும் இடங்களைவிட மிகக் குறைவு.

செம்பின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டென்று உடையாது. வளைக்கலாம், நீட்டலாம், மழுங்கினால் தட்டித் தீட்டலாம், தேய்ந்துபோனால் உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். தூண்டில் முள், ஊசி, வளையல், மெல்லிய உளி போன்றவற்றைக் கல்லில் செய்வது பெரும்பாடு, செய்தாலும் நிலைக்காது. தக்காணத்துச் செம்புக் கற்கால ஊர்களில் கிடைத்த செம்புப் பொருள்களைப் பாருங்கள்: தட்டைக் கோடரி, உளி, தூண்டில் முள், மணி, வளையல், அரிதாக ஒரு குத்துவாள். செம்பால் மட்டுமே நன்றாகச் செய்ய முடிந்ததும், செம்பில் இருந்தால்தான் மதிப்பு என்று கருதியதும் செம்புக்குப் போயின. நாள் முழுக்க நடக்கும் வெட்டும் வேலை கல்லிடமே இருந்தது.

காலடியில் கல், தொலைவில் தாது

நிலத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தக்காணத்தின் பெரும்பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பாலான பசால்ட் பாறை. குழம்பு உறையும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் வெற்றிடங்களாக நின்றன. பின்னர் அவற்றில் சிலிக்கா மெல்ல மெல்லப் படிந்து கால்சிடனி, அகேட் போன்ற கற்களாயிற்று. மேற்பாறை அரிபட்டதும் இவை உதிர்ந்து கோதாவரி, பிரவரா, பீமா, கோட் ஆறுகளின் படுகைகளில் கூழாங்கற்களாகச் சேர்ந்தன. கூர்மையான கருவிக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் வேண்டியதில்லை. ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர் அப்படியே குனிந்து பொறுக்கிவரலாம்.

அந்தப் பசால்ட் நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படி செம்புத் தாது கிடையாது. மேற்கிந்தியாவின் பெரிய தாது வளம் ராஜஸ்தானத்தின் ஆரவல்லி மலைத்தொடரில், கேத்ரி வட்டாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புணே மாவட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். மகாராஷ்டிரத்து ஊர்களுக்கு வந்த செம்பில் பெரும்பகுதி அந்தப் பக்கத்திலிருந்தே கைமாறிக் கைமாறி வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

தாதுவுக்கு அருகில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கேத்ரிக்குப் பக்கத்தில், சீகர் மாவட்டத்துக் கணேஷ்வரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செம்புப் பொருள்கள் கிடைத்தன. நூற்றுக்கணக்கில் அம்பு முனைகள், தூண்டில் முட்கள், தட்டைக் கோடரிகள். எய்தால் திரும்பாத அம்புக்குக்கூடச் செம்பைச் செலவழிக்க அவர்களால் முடிந்தது. உதயப்பூரை ஒட்டிய ஆஹார், செம்பு உருக்கிய கசடு கிடைத்த ஊர். 1961-62இல் தொல்லியலாளர் எச்.டி. சங்கலியா தலைமையில் அங்கே விரிவாக அகழ்ந்தபோது, அக்காலத்து மற்ற ஊர்களில் கொட்டிக் கிடக்கும் கல் அலகுகள் இங்கே ஏறக்குறைய இல்லாமலே இருந்தன. செம்பு அருகில் இருந்தால் கல்லைக் கைவிடலாம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே ஆஹார்–பனாஸ் பண்பாட்டைச் சேர்ந்த கிலுந்து என்ற ஊரில் கல் அலகுத் தொழில் நடந்திருக்கிறது. ஒரே பண்பாடு, ஒரே தாது வட்டாரம். இரண்டு ஊர், இரண்டு வழக்கம். தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பும் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

உஜ்ஜைனுக்குக் கிழக்கே உள்ள காயதாவில், 1960களில் தொல்லியலாளர் வி.எஸ். வாகன்கர் கண்டவை வேறு வகை. இரண்டு பானைகளில் செம்பு வளையல்கள், வார்ப்பில் செய்த செம்புக் கோடரிகள், அகேட்டும் கார்னீலியனும் கோத்த மாலைகள், ஒரு பானையில் சுமார் 40,000 சிறு மணிகள். இவை புழங்கிவந்த பொருள்களாகத் தெரியவில்லை. சேர்த்து வைத்த செல்வம். செம்பு வளையலும் மணிமாலையும் ஒன்றாக வைத்துப் பாதுகாக்கப்பட்டிருப்பதிலிருந்து அந்த வீட்டார் செம்பை எந்த வரிசையில் வைத்தார்கள் என்று ஊகிக்கலாம்.

ஒரு கல்லிலிருந்து பல அலகுகள்

செம்புக் கற்காலக் கல் அலகை ‘பழைய பழக்கத்தின் மிச்சம்’ என்று எண்ணிவிடக் கூடாது. அது நுட்பம் முற்றிய தொழில். முதலில் கல்லின் ஒரு பக்கத்தில், இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சில்லு எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு நெளிந்த முகட்டை உண்டாக்குவார்கள். முனையில் சரியான இடத்தில் அழுத்தம் கொடுத்தால் அந்த முகடு நீளவாக்கில் பெயர்ந்து வரும். அது போன தடத்தின் இரு விளிம்புகளும் அடுத்த அலகுக்கு வழிகாட்டும். அதன்பின் வாழைத்தண்டில் மட்டை உரிப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அகலத்தில், இருபக்கமும் கூர்மையான அலகுகள் வரும். விரல் நீளம்கூட இராது. மரத்திலோ எலும்பிலோ பள்ளம் வெட்டி, இவற்றை வரிசையாகப் பதித்துப் பிசின் வைத்து ஒட்டினால் அரிவாள். ஓர் அலகு மழுங்கினாலோ உடைந்தாலோ அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்று செருகலாம். தானியத் தாள் அறுத்த அலகின் விளிம்பில் ஒரு தனி மினுக்கம் ஏறும்; தாளிலுள்ள சிலிக்கா தேய்ப்பதால் வருவது அது. எந்த அலகு வயலில் உழைத்தது என்பதை இன்றும் அதைக் கொண்டு சொல்ல முடிகிறது.

நர்மதைக் கரையில், மகேஷ்வருக்கு எதிரே உள்ள நவ்தாதோலியில் சங்கலியா குழுவினர் இத்தகைய அலகுகளையும், அவை எடுத்த பிறகு எஞ்சிய கருக்கற்களையும் வீடுதோறும் கண்டார்கள். அலகு செய்வது ஒரு தனிச் சாதியின், தனித் தெருவின் தொழிலாக இருக்கவில்லை. செம்பு வேலை அப்படி வீடுதோறும் நடந்திருக்க முடியாது.

நகரம் கட்டியவர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. சிந்துவெளி மக்கள் வெண்கலத்தில் தேர்ந்தவர்கள். அவர்களே சிந்துவின் ரோரிக் குன்றுகளில் செர்ட் கல்லைப் பெரிய அளவில் வெட்டி, நீண்ட அலகுகளாக்கித் தங்கள் ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். மொகஞ்சதாரோவில் வெண்கலச் சிலை வார்த்தவர்கள் காலத்திலும் அந்த அலகுகள் அன்றாடக் கத்தியாகப் பயன்பட்டன.

கிடைப்பதை மட்டும் எண்ணினால்

இங்கே ஒரு நல்ல மறுப்பு உண்டு. உடைந்த கல் அலகை எறிந்துவிடுவார்கள். அது மண்ணுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டு அப்படியே கிடக்கும். உடைந்த செம்பை யாரும் எறிய மாட்டார்கள். அது மறுபடி மூசைக்குப் போகும். எனவே அகழாய்வுக் குழியில் ஆயிரம் கல்லுக்கு ஒரு செம்பு கிடைத்தால், அந்த ஊரில் புழங்கியதும் அதே விகிதத்தில்தான் என்று சொல்ல முடியாது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். செம்புக் கற்காலத்தைப் பற்றிய பல எளிய முடிவுகள் இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்டவை.

மண்ணில் எவ்வளவு செம்பு நம் கண்ணில் படாமல் இருக்கக்கூடும் என்பதை இரண்டு புதையல்கள் காட்டுகின்றன. மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டத்தில், குங்கேரியா என்ற ஊரில் 1870இல் வெளிப்பட்ட புதையலில் 424 செம்புக் கருவிகளும் 102 வெள்ளித் தகடுகளும் இருந்தன. செம்பு மட்டும் சுமார் 376 கிலோ. இன்றும் நாட்டின் பெரிய செம்புச் சுரங்கங்களுள் ஒன்றான மலாஞ்ச்கண்ட் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று பிரவரா கரையில் உள்ள தைமாபாத். 1974இல் ஒரு மரத்தின் வேரைத் தோண்டும்போது நான்கு வார்ப்புகள் வெளிவந்தன: காளைகள் பூட்டிய தேரும் அதில் நிற்கும் ஒரு மனிதனும், யானை, காண்டாமிருகம், எருமை. உள்ளே கூடில்லாத திண் வார்ப்புகள். நான்கும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல். அகழாய்வு அடுக்கிலிருந்து கிடைக்காததால் இவற்றின் காலம் பற்றி விவாதம் ஓயவில்லை. பிற்கால ஹரப்பா மக்களோடு தொடர்புபடுத்துவோர் பலர். எக்காலத்தவையானாலும், அந்த வட்டாரத்து ஊர் ஒன்றில் சாதாரணமாகக் கிடைக்கும் செம்பை முழுதும் சேர்த்தாலும் இந்தத் தேரின் எடைக்குப் பக்கத்தில் வராது.

ஆனால் இந்த மறுப்பு ஓர் எல்லைக்கு மேல் போகாது. புதைகுழியில் வைத்த பொருளை யாரும் எடுத்து உருக்கவில்லை. அங்கேயும் செம்பு மணியாகவும் அணியாகவும்தான் வருகிறது. புதையல்களில் வருவது கோடரி, தகடு, சிற்பம். தானியத் தாளின் மினுக்கம் ஏறிய அரிவாள் விளிம்பு கல்லில் இருக்கிறது. வேலைப் பங்கீடு மாறவில்லை. செம்பின் அளவைத்தான் நாம் குறைத்து மதிப்பிட்டிருக்கக்கூடும்.

இனாம்கானின் வீடுகள்

செம்புக் கற்கால மக்களின் வாழ்வை நெருங்கிப் பார்க்க ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இனாம்கானைச் சொல்வேன். புணேவுக்குக் கிழக்கே, கோட் ஆற்றங்கரை. டெக்கான் கல்லூரியின் சங்கலியா, எம்.கே. தவாலிகர், இசட்.டி. அன்சாரி ஆகியோர் 1968 முதல் 1983 வரை பொறுமையாக அகழ்ந்த ஊர். கி.மு. 1600 முதல் 700 வரை தொடர்ந்து குடியிருப்பு. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளின் தடங்கள். பெரும்பாலான அகழாய்வுகள் செங்குத்தாகச் சிறு குழி போட்டுக் காலவரிசை எடுப்பதோடு நின்றுவிடும். இவர்கள் கிடைமட்டமாக விரித்துத் தோண்டினார்கள். அதனால் ஒரு தெரு, ஒரு முற்றம், ஓர் அடுப்பு எல்லாம் சேர்ந்து ஓர் ஊராகத் தெரிகிறது.

மண்சுவர் வைத்த செவ்வக வீடுகள். பார்லி முதன்மைப் பயிர். கோதுமை, பருப்பு வகைகள் உண்டு. ஆற்று நீரைத் திருப்ப ஒரு வாய்க்கால், கரை. இறந்த குழந்தைகளை இரண்டு தாழிகளின் வாயோடு வாய் பொருத்தி வீட்டுத் தரைக்குள்ளேயே புதைத்தார்கள். பெரியவர்களை நீட்டிப் படுக்கவைத்தார்கள். பலருக்குக் கணுக்காலுக்குக் கீழே பாதங்கள் இல்லை. ஊரின் நடுவில் ஐந்து அறை கொண்ட ஒரு வீடு. பக்கத்தில் தானியக் களஞ்சியம். அதன் முற்றத்தில், நான்கு கால் வைத்த ஒரு பெரிய மண் தாழியில், சம்மணமிட்ட நிலையில் ஓர் ஆணின் எலும்புக்கூடு. ஊர்த்தலைவன் என்றார் தவாலிகர். பின்வந்தவர்களில் சிலர், ஒரு வீட்டையும் ஒரு தாழியையும் வைத்துத் தலைமை ஆட்சியை நிறுவுவது அதிகம் என்றார்கள். என் பார்வையில், தலைவனோ இல்லையோ, அந்த வீட்டின் செல்வாக்கைக் காட்டுவது களஞ்சியம்தான். இவ்வூரின் அதிகாரம் தானியத்தில் இருந்தது, உலோகத்தில் இல்லை.

சுமார் கி.மு. 1000க்குப் பிறகு நிலைமை சரிந்தது. செவ்வக வீடுகள் போய்ச் சிறு வட்டக் குடிசைகள் வந்தன. பயிர் குறைந்து வேட்டையும் மேய்ச்சலும் கூடின. மழை குறைந்ததே காரணம் என்பது தவாலிகரின் விளக்கம். கி.மு. 700 அளவில் ஊர் கைவிடப்பட்டது. அதாவது, ஒன்பது நூறு ஆண்டு செம்பைக் கையில் வைத்திருந்த ஒரு சமூகம், கடைசிவரை கல் அலகோடுதான் இருந்தது. செம்பு அவர்களது உழவையும் மாற்றவில்லை, வறட்சியில் காப்பாற்றவும் இல்லை.

தெற்கே கோடரிப் பட்டறைகள்

கிருஷ்ணா, துங்கபத்திரைக்கு வந்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. இங்கே பசால்ட் இல்லை. கிரானைட் குன்றுகளும் அவற்றை ஊடறுத்துச் செல்லும் கரிய டோலரைட் பாறைச் சுவர்களும். தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் மாடு வளர்த்தவர்கள். பட்டிகளில் சேர்ந்த சாணத்தைக் காலங்காலமாகக் குவித்து எரித்ததால் உண்டான சாம்பல் மேடுகள் இன்றும் நிற்கின்றன. அந்த மேடுகள் எரிமலைச் சாம்பலா, இரும்பு உருக்கிய கழிவா என்றெல்லாம் ஒரு காலத்தில் வாதம் நடந்தது. 1957இல் எஃப்.ஆர். ஆல்சின் உட்னூரில் அகழ்ந்து, மாட்டின் குளம்புத் தடங்களையே கண்டபோது அந்த வாதம் முடிந்தது.

1947இல் மார்டிமர் வீலர் பிரம்மகிரியில் தோண்டியபோது, மெருகேற்றிய கற்கோடரிகள் நிறைந்த அடுக்குகளில் செம்பு மிகச் சொற்பமாகவே கிடைத்தது. ‘கற்கோடரிப் பண்பாடு’ என்றே அதற்குப் பெயர் வைத்தார். அதன் தொடக்கம் கி.மு. முதல் ஆயிரத்தாண்டு என்று அவர் கணித்தது பின்னர் கரிமக் காலக்கணிப்பால் தள்ளுபடியானது. தென்னிந்தியப் புதிய கற்காலத்தின் தொடக்கம் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுக்குப் போய்விட்டது. ஆனால் அவர் வைத்த பெயரில் உண்மை இருந்தது. பிரம்மகிரி இருப்பது சித்ரதுர்கா மாவட்டத்தில். அதே மாவட்டத்தின் இங்கல்தாலில் செம்புத் தாது இருக்கிறது. கூப்பிடு தூரம் இல்லைதான், ஆனாலும் ஆரவல்லி அளவுக்குத் தொலைவும் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் கோடரியைக் கல்லில்தான் செய்தார்கள். தெக்கலகோட்டையில் தங்க அணியும் செம்பும், ஹள்ளூரில் சிறிய செம்புக் கோடரிகளும் கிடைத்தன. உலோகம் அவர்கள் காதுக்கும் கழுத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காட்டைத் திருத்தும் கைக்கு வரவில்லை.

பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் இருப்பது ஒரு பெரும் கோடரிப் பட்டறை. ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த அதே நிலவியலாளர், இந்தக் குன்றின் கோடரிக் குவியல்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவு செய்தார். டோலரைட்டை வெட்டி எடுத்து, சில்லு பெயர்த்து உருவம் கொண்டுவந்து, கொத்திச் சமன்செய்து, கிரானைட் பாறையில் நீரும் மணலும் இட்டுத் தேய்த்து விளிம்பு தீட்டுவார்கள். அந்தத் தேய்ப்புப் பள்ளங்கள் பாறைகளில் இன்னும் வழவழப்பாக இருக்கின்றன. ரவி கோரிசெட்டர், டோரியன் ஃபுல்லர், நிக்கோல் பொய்வின் முதலியோர் இந்த நூற்றாண்டில் அங்கே செய்த ஆய்வில், கோடரி உற்பத்தி மிக உச்சத்துக்குப் போனது சுமார் கி.மு. 1400 முதல் 1200 வரை என்று தெரியவந்தது.

இந்த ஆண்டுகளைக் கவனித்துப் பாருங்கள். வடக்கே சிந்துவெளி நகரங்கள் எழுந்து விழுந்து ஐந்நூறு ஆண்டாகிவிட்டது. மகாராஷ்டிரத்தில் செம்பு புழக்கத்தில் இருக்கிறது. இவர்களும் செம்பை அறிவார்கள். அப்போதுதான் கற்கோடரித் தொழில் பெருகுகிறது. உழவு விரிந்து, மரம் வெட்டும் தேவை கூடியபோது, அந்தத் தேவையைத் தீர்க்கும் அளவுக்குச் செம்பு கிடைக்கவில்லை. டோலரைட் கிடைத்தது.

இரும்பு செய்த வேலை

கல்லை வயலிலிருந்து வெளியேற்றியது இரும்பு. அது கடினத்தால் வென்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். தொடக்ககால மெல்லிரும்பு, நன்றாகத் தட்டி இறுக்கிய வெண்கலத்தைவிடப் பெரிதாக ஒன்றும் உயர்ந்ததல்ல. இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி வேண்டும். பழைய உலைகள் அதைத் தொட்டதில்லை. சுமார் 1,200 டிகிரியில் தாதுவிலுள்ள ஆக்சிஜன் நீங்கி, கசடு உருகி வழிய, இரும்பு கடற்பஞ்சு போலத் திடமான கட்டியாகவே நிற்கும். அதைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். செம்பு வேலையைவிட இது கடினமான, நீண்ட வேலை.

இரும்பு வென்றது தாது எங்கும் கிடைத்ததால். செம்மண் நிலத்தின் சரளையிலும், ஆற்று மணலின் கருமணலிலும், சேலத்துக் கஞ்சமலையிலும் அது இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி யார் கையையும் பார்க்க வேண்டாம். கரி சுடக் காடும், உலை ஊத ஆளும் இருந்தால் எந்த வட்டாரமும் தன் கோடரியைத் தானே செய்துகொள்ளலாம். கால்சிடனியையும் டோலரைட்டையும் இத்தனை காலம் நிலைநிறுத்தியதும் இதே காரணம்தான்: பக்கத்தில் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் செய்யலாம். செம்பிடம் இல்லாத அந்தப் பண்பு இரும்பிடம் இருந்தது.

தமிழகத்தில் செம்புக் கற்காலம் என்று தனியாக ஒன்று துலங்காததற்கும் இதுவே பொருத்தமான விளக்கம். இங்கே எளிதில் எடுக்கக்கூடிய பெரிய செம்புத் தாது வளம் இல்லை. இரும்புத் தாது தாராளம். திருப்பத்தூர் வட்டாரத்துப் பையம்பள்ளியில் 1960களில் தோண்டியபோது புதிய கற்கால வாழ்வை அடுத்து நேரே இரும்புக் காலம் வந்தது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ எடுத்த பொருள்களில் விலங்கு உருவம் வைத்த வெண்கல மூடிகளும் தங்க நெற்றிப்பட்டங்களும் உண்டு. ஆனால் அவை இரும்பு வாளோடும் ஈட்டியோடும் சேர்ந்தே வருகின்றன. வேலைக்கு இரும்பு, சிறப்புக்கு வெண்கலமும் பொன்னும் என்று பங்கு பிரிந்திருக்கிறது. கற்கோடரியோ வேறு வாழ்வு பெற்றது. சேர்வராயன் மலை ஊர்களில், நிலத்தில் கிடைத்த மெருகேறிய கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அண்மைக் காலக்கணிப்புகள் இந்த மாற்றத்தை நாம் எண்ணியதைவிட வெகு முன்னே கொண்டுபோகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் 2022இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் மாதிரிகளுக்குக் கி.மு. 2953 முதல் 3345 வரையிலான காலங்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. க. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதிய அறிக்கை அது. பெருமைப்படுவதற்கும் சண்டை போடுவதற்கும் இந்த எண்கள் நிறையப் பயன்பட்டுவிட்டன. இவற்றை உண்மையாக நேசிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. காலம் கணிக்கப்பட்ட கரித்துண்டும் பானை ஓடும் பக்கத்திலிருந்த இரும்பும் ஒரே சமயத்தில் இறந்தவரைப் புதைத்த தாழிக்குள் போனவையா? அந்த இரும்பு தாதுவிலிருந்து எடுக்கப்பட்டது எங்கே? கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் இங்கே இரும்பு இருந்தது என்றால், பெல்லாரியில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் கற்கோடரி உற்பத்தி உச்சத்தில் இருந்தது ஏன்?

கடைசிக் கேள்விக்கு விடை, இனாம்கானிலும் கிலுந்திலும் பார்த்ததிலேயே பாதி இருக்கிறது. ஓர் உலோகம் ஒரு வட்டாரத்தில் இருப்பதும் அது உழவர் கைக்குப் போய்ச் சேர்வதும் ஒரே நாளில் நடப்பவையல்ல. இடையில் பல நூற்றாண்டு கிடக்கலாம். ஆதலால் ஈமத்தாழிகளை மட்டும் தோண்டினால் போதாது. தாழியில் இருப்பது இறந்தவருக்கு மதிப்புக்காக வைத்தது. இரும்பு முதலில் மதிப்புப் பொருளாக வந்ததா, வேலைக் கருவியாக வந்ததா என்பதைச் சொல்லப் போவது குடியிருப்பு மேடுகள். அங்கே அதே காலத்து அடுக்கில் உலைக் குழி, துருத்தி வாய்க் குழல், வழிந்து உறைந்த கசடு கிடைக்கின்றனவா, அவற்றின் மேல் அடுக்குகளில் கற்கோடரி எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்க்க வேண்டும். மயிலாடும்பாறையில் புதிய கற்கால அடுக்கும் இரும்புக்கால அடுக்கும் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருக்கின்றன. அந்த வட்டாரத்துக் குடியிருப்புகளை இனாம்கானைப்போல் பத்துப் பதினைந்து ஆண்டு விரித்துத் தோண்ட வேண்டும். மண்ணைச் சலித்து, கல் சில்லையும் கசடுத் துணுக்கையும் ஒன்றுவிடாமல் எண்ண வேண்டும்.